இல்லத்துக் கணினியும் ஏடு காத்தலும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, சங்கச் செய்யுளிலிருந்தோ திருமுறையிலிருந்தோ ஒரு பொருளை யாம் எடுத்துக்கொள்வோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினி. தமிழாசிரியனுக்குக் கணினியோடு யாது தொடர்பு என வினவுவார் உளராயின், அவர்க்கு எமது விடை சுருக்கமானது. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் ஒன்றையன்றிக் கணினிக் கல்வியில் ஒரு துண்டுக் கடதாசியேனும் யாம் பெற்றிலேம். ஆயினும் இருபது ஆண்டுகளாக ஓய்வு நேரங்களிற் பழைய கணினிகளைக் கழற்றியும் பூட்டியும், மென்பொருள்களை ஏற்றியும் நீக்கியும், வீட்டுச் சுவர் நெடுகக் கேபிள் இழுத்தும் வந்துள்ளோம். இல்லத்தார் இதனை ஒரு நோய் என்பர். அந்நோயினால் யாம் பெற்ற அறிவு சிறிது. அஃது இருந்தும் இழந்த பொருள் பெரிது. அவ்விழப்பிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகின்றது.

2010 ஆம் ஆண்டு முதலாக ஒன்பதாம், பத்தாம் தர மாணவர்க்கு யாம் ஒரு விடுமுறைப் பணி இட்டு வந்தோம். ஒவ்வொருவரும் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் அமர்ந்து, பனைத்தொழில், தோட்டத்தொழில், கடற்றொழில் ஆகியவற்றில் வழங்கும் சொற்களைப் பொருளோடு எழுதி வருதல் வேண்டும். கடகம், நீற்றுப்பெட்டி, சத்தகம், கங்குமட்டை, துலா, பறி, கரப்பு எனத் தெரிந்தனவும் தெரியாதனவுமாகச் சொற்கள் வந்து குவிந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் அவை 1,400 ஐக் கடந்தன. கடற்காற்றுக்களுள் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்னும் நான்கையும் எல்லோரும் அறிவர். வடமராட்சிக் கரையிலிருந்து வந்த ஒரு மாணவனின் பாட்டனார், இவற்றுள் ஒன்று மற்றொன்றாக மாறும் நாள்களில் வீசும் காற்றுக்களுக்கும் தனித்தனியே ஐந்து பெயர் கூறியிருந்தார். அப்பக்கத்தை யாம் தட்டெழுதிய இரவு இன்றும் நினைவில் நிற்கின்றது. பெயர்கள்தாம் நினைவில் நிற்கவில்லை.

2022 ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளிற் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டதனைப் பலரும் மறந்திரார். அக்காலத்தில் ஒருநாள் மின் வந்து போய், மீண்டும் வந்து போனபின், எமது கணினி எழவில்லை. வன்றட்டிலிருந்து பழைய சுவர் மணிக்கூட்டின் ஒலி போன்றதோர் ஒலி மட்டுமே கேட்டது. இவ்வொலியின் பொருள் யாதென மாணவர் அறிந்திருத்தல் நன்று. வன்றட்டு என்பது காந்தப் பூச்சுடைய வட்டத் தகடு. வீட்டுக் கணினிகளில் அது நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். அதன்மேல் எழுத்தையும் வாசிப்பையும் செய்யும் தலை, தகட்டைத் தீண்டாது, தலைமயிரின் தடிப்பினும் மிக மிகச் சிறிய இடைவெளியில் மிதந்து செல்லும். அத்தலை பழுதுற்றால், தன் இடத்தைத் தேடித் தேடி மீளும். அவ்வாறு தேடும் ஒலியே யாம் கேட்டது. அந்நிலையில் மீண்டும் மீண்டும் மின்னூட்டிப் பார்ப்பது எஞ்சியதனையும் சுரண்டி அழிக்கும். யாம் ஏழெட்டு முறை மின்னூட்டிப் பார்த்தோம்.

சொற்கோவையின் முழுப்பிரதி அவ்வன்றட்டில் மட்டுமே இருந்தது. இதனை எழுதும்பொழுதே எமக்கு நாணம் வருகின்றது. ஏனெனிற் பிரதியின் அருமையை ஆண்டுதோறும் வகுப்பிற் போதிப்பவர் யாமே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றியிராவிடின் என்ன ஆகியிருக்கும் என மாணவரை வினவுவோம். ஓலை அழியும் பொருள். செல்லும் ஈரமும் அதனை விட்டுவைப்பதில்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையுடைய நூல் எமது கைக்கு வந்தது, ஓர் ஓலை அத்தனை காலம் நின்றதனால் அன்று. ஓலை ஒடியுமுன் மற்றோர் ஓலையில் ஒருவர் பெயர்த்தெழுதியதனால். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் வேறிடத்திற் பிரதியுடையனவற்றை மீளப் பெற முடிந்தது. பிரதியில்லா ஏடுகளைப் பெற முடியவில்லை. இவ்வளவும் அறிந்த ஒருவர் தம் மாணவர் சேர்த்த சொற்களை ஒரே தகட்டில் வைத்திருந்தார் எனின், அவர்க்குச் சொல்லத்தக்க சமாதானம் ஒன்றும் இல்லை.

கணினியாளர் கூறும் விதி எளியது: மூன்று பிரதி வேண்டும், அவை இரு வகைப் பொருளில் இருத்தல் வேண்டும், ஒன்று வீட்டிற்கு வெளியே இருத்தல் வேண்டும். இவ்விதியை அறிந்தோர் பலர், செய்தோர் சிலர். இதனோடு ஒரு மயக்கத்தையும் ஈண்டுத் தீர்த்தல் தகும். கைப்பேசியிலுள்ளது கணினியிலும் இணையக் களஞ்சியத்திலும் தானே தோன்றுமாறு அமைத்துவிட்டு, மூன்று பிரதி உள்ளன எனப் பலர் மகிழ்வர். அவை மூன்று பிரதியல்ல. ஒரே பிரதியின் மூன்று நிழல். ஓரிடத்தில் தவறுதலாக அழிப்பின் சற்று நேரத்தில் மூன்றிடத்தும் அழியும். நேற்றைய நிலையையும் சென்ற மாத நிலையையும் தனித்தனியே காத்து வைப்பதே உண்மைப் பிரதி. பென் டிறைவைப் பற்றியும் எமக்கு ஒரு கருத்து உண்டு: அது சுமந்து செல்வதற்கு உரியது, சேமித்து வைப்பதற்கு உரியதன்று. அதனுள் எழுத்து நிற்பது மிக நுண்ணிய மின்னேற்றங்களாக. ஆண்டுக்கணக்கில் மின்னூட்டம் பெறாது அலுமாரியிற் கிடப்பின் அவை மெல்லக் கசியும்.

கொழும்பிற் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், தாம் பள்ளியில் இருந்தபொழுது தட்டெழுதிய பகுதியை ஓர் இறுவட்டில் வைத்திருப்பதாக அறிவித்தார். அவர் செய்த உதவிக்கு எமது நன்றி என்றும் உரியது. இறுவட்டு வந்தது; வாசிக்கும் கருவியும் கிடைத்தது; கோப்பும் திறந்தது. திரையில் எழுந்ததோ ஆங்கில எழுத்துக் குப்பை. 2014 வரை யாம் தட்டெழுதியது பாமினி எழுத்துருவில்.

இதன் தன்மையைத் தமிழ் மாணவர் அறிதல் இன்றியமையாதது. இம்மலரின் பழைய இதழ்களுள்ளும் கணினியில் அச்சுக்கோத்தவை பல இவ்வகையினவே. கணினி எழுத்தை வடிவமாக அறியாது, எண்ணாகவே அறியும். பாமினி முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேல் தமிழ் எழுத்தின் வடிவத்தைப் போர்த்தன. ஜே என்னும் ஆங்கில எழுத்தின் இடத்திற் தகரம், கே இடத்தில் மகரம், பீ இடத்தில் இகரக் கொம்பு, ஓ இடத்தில் ழகரம், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. இவ்வைந்தையும் தட்டினால் ‘தமிழ்’ எனத் திரையிற் காண்போம். கணினியோ ஆங்கில எழுத்து நான்கையும் ஓர் அரைப்புள்ளியையுமே கண்டது. போர்வை நீங்கிற் தமிழும் நீங்கும். யுனிகோட் முறை அத்தகையதன்று. 1991 ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனி எண்கள் ஒதுக்கப்பட்டன. தகரத்தின் எண் உலகில் எக்கணினியிலும் தகரமே. வின்டோஸ் 2000 பதிப்பிலேயே அதற்கான எழுத்துரு வந்துவிட்டது. வந்து பதினான்கு ஆண்டு சென்ற பின்னரும் கைப்பழக்கத்தை விட மனமின்றிப் பாமினியைப் பற்றி நின்றோம்.

பாமினிக் கோப்பை யுனிகோட்டாக மாற்றும் மென்பொருள்கள் பல உள. அவை நன்று, ஆயினும் அவற்றை நம்பிக் கண்ணை மூடுதல் கூடாது. பாமினியில் எகரக் கொம்பு மெய்க்கு முன்னே தட்டப்படும். யுனிகோட்டிற் கண்ணுக்கு முன்னே தோன்றினும் எண் வரிசையில் மெய்க்குப் பின்னே நிற்கும். இம்மாற்றத்தை இயந்திரம் செவ்வனே செய்யும். இடர்ப்படுவது ஔகாரத்தில். ஒற்றைக் கொம்பு, ககரம், ளகரம் என மூன்றும் தொடர்ந்து வரின் அது ‘கௌ’ வா, ‘கெள’ வா? பாமினியில் இரண்டும் ஒன்றே. மனிதன் சொல்லை நோக்கி அறிவான். இயந்திரம் பெரும்பாலும் ‘கௌ’ எனவே கொள்ளும். எமது மீன் பட்டியலில் ‘கெளிறு’ இருந்தது. மாற்றிய கோப்பில் அது ‘கௌ’ என்றாகி, ஏறுதற்கு மெய்யின்றி ஓர் இகரக் குறி தனித்துத் தொங்க, அதன்பின் ‘று’ என நின்றது. அம்மீனைத் தின்றறிந்தவர்க்கே அது யாதெனப் புலப்படும்.

மீட்ட சொற்களை அகரவரிசைப்படுத்த முயன்றபொழுது மற்றொன்று கற்றோம். தமிழ் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் இறுதியில் நிற்கும். யுனிகோட் அட்டவணையிலோ னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும் வைக்கப்பட்டன. ளகரம் ழகரத்தை முந்தியது. ஆகவே எண் வரிசையையே நம்பும் மென்பொருள் ‘பறி’ யை முன்னும் ‘பலகை’ யைப் பின்னும் வைக்கும். ‘கனவு’ முந்தும், ‘கப்பல்’ பிந்தும். மென்பொருளில் மொழியைத் தமிழ் எனத் தெரிவித்து, தமிழ் வரிசையை அறிந்த முறையால் அடுக்கச் செய்தல் வேண்டும். மெய்யை உடம்பெனவும் உயிரை உயிரெனவும் கொண்டது எமது இலக்கணம். புள்ளியுடைய மெய்யே அடிப்படை. அகரம் ஏறியது அதன் வழிவந்தது. யுனிகோட் அகரமேறிய எழுத்தை அடிப்படையாக வைத்துப் புள்ளியைப் பின்னர் ஒட்டியது. இதனால் ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் கணினிக்கு ஐந்து எண். இணையத்தில் வழங்கும் முறையிற் சேமிப்பின் பதினைந்து பைற்று. பாமினியில் ஐந்து பைற்றே என்று வருந்துவாரும் உளர். அவ்வருத்தம் வேண்டாதது. முந்நூறு பக்க நூல் ஒன்று, கைப்பேசியில் எடுத்த ஒரு நிழற்படம் கொள்ளும் இடத்தைப் பெரும்பாலும் மிஞ்சாது.

எழுதிய மென்பொருள் இன்றியும் திறக்கத்தக்க கோப்பே நல்ல கோப்பு. இஃது எமது உறுதியான கருத்து. ஆதலின் சொற்கோவையை இப்பொழுது அலங்காரமற்ற வெற்று எழுத்துக் கோப்பாக, யுனிகோட்டில், ஒரு வரிக்கு ஒரு சொல்லாக வைத்துள்ளோம். அழகிய பக்கம் வேண்டுமாயின் லிபிறே ஒபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருளிற் பிரதி எடுத்து அமைப்போம். மூலம் வெற்றெழுத்தாகவே இருக்கும்.

கணினியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14 ஆம் திகதியோடு வின்டோஸ் 10 இற்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. அடுத்த பதிப்போ, பழைய கணினிகள் பலவற்றை ஏற்க மறுக்கின்றது. விளைவு யாதெனில், பழுதில்லாத கணினிகள் பழசெனத் தள்ளப்படுகின்றன. இதனை ஏற்க எமக்கு மனமில்லை. பின்லாந்தில் ஹெல்சிங்கி நகர மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டு தொடங்கிய லினக்ஸ், எவரும் விலையின்றிப் பெற்று, திறந்து பார்த்து, திருத்தி வழங்கத்தக்கது. அதன் இலகுவான பதிப்பொன்றை ஏற்றிய பதினான்கு வயதுக் கணினியிலேயே இக்கட்டுரை தட்டெழுதப்பட்டது. குறையே இல்லை என்பது எமது வாதமன்று. சில அச்சுப்பொறிகள் பிணங்கும். அலுவலகப் படிவங்கள் சில ஒழுங்கு குலையும். விளையாட்டு விரும்பும் பிள்ளைகள் முகஞ் சுளிப்பர். எழுதவும் படிக்கவும் தேடவும் அது போதும். தன்றட்டை நீக்கித் திண்மநிலைத் தட்டு ஒன்று பூட்டினால், புதிய கணினி வாங்கியதாகவே வீட்டார் எண்ணுவர்.

இனி வீட்டு வலையமைப்பு. விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. விடுதிக்கு முகவரி ஒன்று. உள்ளே மாணவர் பலர். ஒருவர் எழுதும் கடிதத்தின்மேல் விடுதிப் பொறுப்பாசிரியர் விடுதியின் முகவரியை இட்டு, எந்தக் கட்டில் மாணவர் யார்க்கு எழுதினார் எனக் குறிப்பேட்டிற் பதிந்து அனுப்புவார். பதில் வந்ததும் குறிப்பேட்டை நோக்கி உரியவரிடம் கொடுப்பார். வீட்டிலுள்ள றவுட்டர் செய்வது இதுவே. தவணைத் தொடக்கத்தில் கட்டில் ஒதுக்குவதுபோல, வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் உள்ளக எண் ஒன்றை ஒதுக்குவதும் அதுவே. 192.168 எனத் தொடங்கும் எண்களை வீட்டிற் கண்டிருப்பீர்கள். இவை வீட்டினுள் மட்டும் செல்லும் எண்கள். உலகின் எத்தனையோ இல்லங்களில் இதே எண்கள் உள. 1981 ஆம் ஆண்டு வகுத்த இணைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு; அவற்றின் மையக் கையிருப்பு 2011 ஆம் ஆண்டு தீர்ந்தது. குறிப்பேட்டு முறையே அப்பற்றாக்குறையை இதுகாறும் தாங்கி வருகின்றது. மேலும் மிகப் பெரிய எண்வெளியையுடைய புதிய முறை 1998 இல் வகுக்கப்பட்டு மெல்லப் பரவுகின்றது.

கடிதம் என்றோம், உண்மையிற் செய்தி முழுதும் ஒரே கடிதமாகச் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முகவரி தாங்கி, வெவ்வேறு வழியிலும் சென்று, போன இடத்தில் மீண்டும் ஒழுங்காகும். 1960 களில் பிரித்தானிய அறிஞர் டொனால்ட் டேவிஸ் இதற்குப் பொதி எனப் பொருள்படும் பெயரை இட்டார். ஒரு பொதி தவறின் அதனை மட்டும் மீளக் கேட்டால் போதும். மழைநாளில் இணையம் மந்தமாவதற்கு, இவ்வாறு மீளக் கேட்டல் பெருகுவதும் ஒரு காரணம்.

வைபை மெதுவாக உள்ளது என்று எம்மிடம் முறையிடுவோர் பலர். போய்ப் பார்ப்பின், றவுட்டர் முன்விறாந்தையின் மூலையில், இரும்பு அலுமாரியின் பின்னே, நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். எமது பழைய வீடுகளின் சுண்ணாம்புக் கற்சுவர் வெப்பத்தைத் தடுப்பது போலவே வானலையையும் தடுக்கும். வைபை பெரும்பாலும் இரு அலைவரிசைகளில் இயங்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ பன்னிரண்டரைச் சதமமீற்றர். அது சுவரை ஓரளவு ஊடுருவும், ஆயின் அயல்வீட்டு வைபையும் நுண்ணலை அடுப்பும் அதே வெளியில் இரையும். 5 கிகாஹேர்ட்ஸ் விரைவானது, அமைதியானது, ஆயின் தடித்த சுவரைக் கண்டு தளரும். றவுட்டரை வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில் வைத்தலே முதல் மருத்துவம். அதற்குச் செலவில்லை, ஆதலினாற் போலும் எவரும் செய்வதில்லை.

நகரும் கருவிக்கு வானலை, நகராக் கருவிக்குக் கம்பி என்பதே எமது கொள்கை. ஈதர்நெற் என்னும் கம்பி முறையை 1973 ஆம் ஆண்டு அமெரிக்காவிற் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் றொபேட் மெற்கால்ஃபும் டேவிட் பொக்சும் அமைத்தனர். ஒளியைச் சுமப்பதாக முன்னையோர் கருதிய ஈதர் என்னும் வான்பொருளின் பெயரை அதற்கு இட்டனர். ஓசையை ஆகாயத்தின் குணமென்று கொண்ட மரபினர் நாம், அப்பெயரைக் கேட்டு வியப்பதற்கில்லை. அக்கேபிளின் உள்ளே எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கு அழகுக்கன்று, வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இணையின் இரு கம்பியிலும் ஒத்துப் படிய, மறுமுனையில் அது கழிந்துபோகும். ஒரே இழுப்பாக நூறு மீற்றர் வரை செல்லலாம். எமது வீட்டிற் படிப்பறையிலிருந்து பின்னறை வரை பதினெட்டு மீற்றர். ஒரு சனிக்கிழமையில் முடிந்தது.

ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தின்போது றவுட்டரின் மின்பிளக்கையும், செப்புத் தொலைபேசிக் கம்பி இணைந்திருப்பின் அதனையும் கழற்றி வைத்தல் வேண்டும். கண்ணாடி இழை மின்னலைக் கொண்டுவராது, மின்கம்பி கொண்டுவரும். றவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை அப்படியே வைத்திருத்தலும் வாயிற்கதவிற் திறப்பைத் தொங்கவிடுதலும் ஒன்றே. இவை சிறு செய்திகள்.

அப்பின்னறையில் இப்பொழுது மற்றொரு பழைய கணினி, திரையுமின்றி விசைப்பலகையுமின்றி, யூ.பி.எஸ். ஒன்றின் துணையோடு இருக்கின்றது. இரவு பத்து மணிக்கு அது கேபிள் வழியாகப் படிப்பறைக் கணினியை நாடி, அன்று மாறியவற்றை மட்டும் பெயர்த்தெழுதி, பழைய நிலைகளையும் அழியாது வைக்கும். மாதமொருமுறை வெளித்தட்டில் ஒரு பிரதி எடுத்து, எமது தமக்கையார் வீட்டில் வைக்கின்றோம். அவர் அதனை அரிசிப்பானைக்கு மேலுள்ள தட்டில் வைத்துள்ளார். ஏன் அவ்விடம் என வினவினோம். அவ்விடத்தை நாளொன்றுக்கு இருமுறை தாம் பார்ப்பதாகக் கூறினார். இவ்வாண்டு அத்தட்டிலிருந்து ஒருமுறை முழுவதையும் மீட்டுப் பார்த்தோம். மீட்டுப் பாராத பிரதியைப் பிரதி என நம்புதல் இயலாது.

இறுவட்டிலிருந்து 870 சொற்கள் மீண்டன. மாணவரின் பழைய அப்பியாசக் கொப்பிகளிலிருந்து இன்னும் 290 கிடைத்தன. எஞ்சியவை 2014 இன் பின்னர் வந்தவை. காற்றுக்களின் ஐந்து பெயரும் அவற்றுள் அடங்கும். அவற்றைக் கூறிய பெரியவர் 2019 ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அவர்தம் மகனாரைச் சென்று கண்டோம். அவர் நெடுநேரம் கடலை நோக்கியிருந்து இரண்டு பெயர் கூறினார். மூன்றாவதனைத் தொடங்கி, அஃது இதுவன்று என நிறுத்திக்கொண்டார். அவருடைய பெரியதாயார் ஒருவர் தொண்டைமானாற்றில் இருப்பதாகவும், காலைவேளையில் அவர்க்கு நினைவு நன்றாக இருக்குமெனவும் கூறினார். வருகின்ற சனிக்கிழமை, இரு மாணவரை அழைத்துக்கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியோடும் கொப்பியோடும் செல்ல இருக்கின்றோம். பழைய மாணவர் எவரிடமேனும் அவ்வாண்டுகளின் விடுமுறைப் பணிக் கொப்பி இருப்பின், அது எந்நிலையில் இருந்தாலும், பாமினியில் இருந்தாலும், எமக்கு அனுப்பி வைக்க வேண்டுகின்றோம்.